தமிழ் வேஷம் தரித்த ஆங்கில எழுத்துக்கள்

பழக்கத்தின் வலிமை பெரிது. ஆயினும் ஒருவருடைய பழக்கம் பொது ஜனங்களுக்கு இடையூறாக முடியுமானால், அதைக் கண்டியாதிருப்பது தர்மமாகாது. கணிப்பொறியில் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களை இன்னமும் விடாது பற்றி நிற்கும் நண்பர்களைக் குறித்தே இதனை எழுதுகிறோம்.

இவ்வெழுத்துருக்களின் அந்தரங்கத்தை நேயர்கள் அறிதல் அவசியம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணிப்பொறியில் பதிவாவது தமிழன்று. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். அவற்றின் மீது தமிழ் வேஷம் போர்த்தப்பட்டிருக்கிறது. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியை அடைந்தவுடன் வேஷம் கலைந்து, பொருளற்ற எழுத்துக் குவியலே எஞ்சுகிறது. ஆயிரம் தீர்மானங்களை இவ்வாறு சேர்த்து வைத்தாலும், 'விவசாயி' என்று தமிழில் தேடுபவனுக்கு ஒன்றும் அகப்படாது. கண் பார்வையற்ற சகோதரர் ஒருவர் கணிப்பொறியைப் படிக்கச் சொல்லிக் கேட்டால், அவர் செவியில் விழுவதும் தமிழன்று.

தமிழ் எழுத்துக்களுக்கென்று உலகப் பொதுவான தனி எண்களை யூனிகோடு முறை 1991-ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. 2010-இல் தமிழ்நாட்டு ஸர்க்காரும் அதனைத் தர முறையாக ஏற்றனர். இதற்கு மேலும் தயக்கம் ஏன்?

'எங்கள் விரல்கள் தட்டெழுத்துப் பொறியில் பழகியவை' என்பது அன்னார் வாதம். இவ்வாதம் செல்லாது. விரல் பழக்கத்தை விடுமாறு எவரும் கேட்கவில்லை. விசைப்பலகை வேறு, உள்ளே பதிவாகும் குறியீடு வேறு. அதே தட்டெழுத்து முறையில் யூனிகோடு எழுதும் வசதி இலவசமாகவே கிடைக்கிறது. பழைய பிரதிகளை மாற்றித் தரும் கருவிகளும் உள. பழைய பேஜ்மேக்கர் யூனிகோடுத் தமிழை ஏற்பதில்லை என்று அச்சகத்தார் கூறுவது மெய்யே. அங்ஙனமாயின் அச்சுக்கு மட்டும் மாற்றிக் கொள்ளட்டும். மூலப் பிரதி யூனிகோடில் இருத்தல் வேண்டும்.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்த யாழ்ப்பாணத்து முத்தையா, தம் காலத்துப் புதுமையைத் தமிழுக்கு இசைவித்தவர். அவர் வழி நிற்பதென்றால், நம் காலத்துப் புதுமையை நாம் ஏற்பதேயன்றோ?

தாய்மொழிக்காக மேடையில் முழங்கும் தேசாபிமானிகள், தாம் அனுப்பும் அறிக்கை மெய்யாகவே தமிழில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்களாக. இல்லையெனில், இன்றே மாற்றிக் கொள்வார்களாக. நாளைய சந்ததியார் தேடும்போது, நாம் எழுதியவை அவர்கள் கைக்கு அகப்பட வேண்டும்.