விடுமுறைக்கு முன் வீட்டுக்குச் சொல்ல வேண்டியவை

ஏப்ரல் பிறந்ததும் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு மூச்சுவிட நேரமிருப்பதில்லை. மூன்றாம் பருவத் தேர்வு, தேர்ச்சிப் பதிவேடு, ஐந்தாம் வகுப்புக்கு டி.சி., எமிஸ் பதிவேற்றம், இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பது, ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்காக வீடு வீடாக ஏறி இறங்குவது என்று வரிசை கட்டி நிற்கின்றன வேலைகள். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் இத்தனையும் ஒன்றிரண்டு பேர் தலையில்தான். இந்த நெருக்கடியில் பெற்றோருக்கான ஆண்டிறுதிச் செய்தி, கடைசி வேலை நாள் மதியம் வாட்ஸ்அப் குழுவில் போடும் நான்கு வரியாகச் சுருங்கிவிடுகிறது: இன்ன தேதி முதல் விடுமுறை, இன்ன தேதி பள்ளி திறப்பு, நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரவும், ஆதார் நகல் தராதவர்கள் உடனே தரவும்.

நான்கு வரியும் தேவைதான். ஆனால் பத்து மாதம் நம்மிடம் இருந்த குழந்தையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. நேரம் தவறாமல் வருவது, பாடத்தை உரிய காலத்தில் முடிப்பது ஆகியவற்றோடு பெற்றோரை முறையாகச் சந்திப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. சந்தித்து என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சட்டமே வகுத்திருக்கிறது: குழந்தை ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறதா, அதன் கற்கும் திறன் எப்படி, கற்றலில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது, இவை தவிர வேறு தகவல்கள். நமது ஆண்டிறுதிச் செய்தி முழுக்க முழுக்க அந்த ‘வேறு தகவல்கள்’தான். முதல் மூன்றும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. இந்த வரிசையைத் திருத்த வேண்டும் என்பதே இந்த இதழின் வேண்டுகோள்.

முதலில் வருகை. மாதத்துக்கு இரண்டு நாள் வராமல் போவது எந்த வீட்டிலும் பெரிதாகத் தெரியாது. கோயில் திருவிழா, மாமா வீட்டு விசேஷம், லேசான காய்ச்சல். பத்து மாதத்தில் அது இருபது நாளாகிறது. அதாவது நான்கு வாரப் பாடம். வருகைப் பதிவேட்டைப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னால் பல தாய்மார்கள் திகைத்துப் போவார்கள். கண்டிக்கத் தேவையில்லை, கணக்கைச் சொன்னாலே போதும்.

அடுத்தது கற்றல். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்பதில் தமிழ்நாடு உறுதியாக இருக்கிறது. 5, 8ஆம் வகுப்புகளுக்கு 2019இல் அறிவிக்கப்பட்ட பொதுத் தேர்வும் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் அதனால் நமக்குக் கூடுதல் பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. எல்லாக் குழந்தையும் தேர்ச்சி என்னும்போது, ‘தேர்ச்சி’ என்ற சொல்லிலிருந்து பெற்றோருக்கு ஒன்றும் தெரியவருவதில்லை. மகள் நான்காம் வகுப்புக்குப் போகிறாள் என்று மகிழும் தகப்பனுக்கு, அவளால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை என்பது தெரியாமலே போகலாம். அதை அவருக்குச் சொல்லக்கூடியவர் வகுப்பாசிரியர் ஒருவர்தான்.

2022–23இல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தால் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் நமக்குப் பழகிவிட்டன. ஆனால் “உங்க பையன் மொட்டு நிலையில இருக்கான்” என்று சொன்னால் வீட்டில் யாருக்கு விளங்கும்? பிள்ளைக்கு எது வருகிறது, எது இன்னும் வரவில்லை, வீட்டில் என்ன செய்யலாம் என்ற மூன்றையும் அவர்கள் பேசும் மொழியிலேயே சொல்லுங்கள். “மரம், பட்டம் எல்லாம் கடகடன்னு வாசிச்சிடுறான். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வந்தா தடுமாறுறான். வெங்காயம், தேங்காய், கொத்தமல்லின்னு மளிகைச் சீட்டை அவனையே எழுதச் சொல்லுங்க.” இதில் திட்டத்தின் பெயர் எங்கும் வரவில்லை. செய்ய வேண்டிய வேலை மட்டும் இருக்கிறது.

கணக்கும் அப்படித்தான். 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. 2லிருந்து 7 போகாது என்பதால் 7லிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். “கழித்தலில் கவனம் தேவை” என்று தர அட்டையில் எழுதுவதால் பயனில்லை. விடைத்தாளில் அந்த ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டி, ஐந்து பத்து ரூபாய்த் தாளையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தையும் கொடுத்து, 27 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றாமல் அந்தக் கணக்கு முடியாது. கடன் வாங்கிக் கழித்தல் என்றால் என்ன என்பது குழந்தையின் கைக்கே புரிந்துவிடும்.

பெற்றோர் வந்து உட்கார்ந்ததும் குழந்தையை அருகில் அழைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வது மிக எளிய வழி. ஆனால் மற்ற பெற்றோர் முன்னால் வேண்டாம். தடுமாறும் குழந்தை அந்த அவமானத்தை ஜூன் வரை சுமக்கும். தனியாக, ஐந்து நிமிடம், நன்றாக வரும் பகுதியில் தொடங்கி. “இவன் எங்க சார் படிக்கிறான்” என்று அப்பா ஆரம்பித்தால் இடைமறித்து, சென்ற ஜூனில் எங்கிருந்தான், இன்று எங்கிருக்கிறான் என்பதைச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு மட்டும் தனிக் கூட்டம் வேண்டும். அவர்கள் எடுக்கப்போகும் முடிவு அடுத்த ஏழு ஆண்டுகளைப் பாதிக்கும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே இவற்றுக்கு அடிப்படைத் தகுதி. மாத உதவித் திட்டங்கள் இரண்டும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆறாம் வகுப்புக்குக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கத் துடிக்கும் குடும்பம் இதைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்கட்டும். முடிவு அவர்களுடையது, தகவல் தர வேண்டியவர்கள் நாம்.

டி.சி. எழுதுவதற்கு முன் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பெற்றோரிடம் வாசித்துக் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழில் ‘முஹம்மது’, ஆதாரில் ‘முகமது’. சேர்க்கைப் பதிவேட்டில் ‘தர்ஷினி’, ரேஷன் அட்டையில் ‘தர்சினி’. ஐந்தாம் வகுப்பில் இதைச் சரிசெய்வது எளிது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு என்றால் அலைச்சல்தான். எமிஸ் காமன் பூலுக்கு மாணவரை அனுப்புவதையும் உடனுக்குடன் செய்துவிட வேண்டும். பழைய பள்ளி விடுவிக்காததால் புதிய பள்ளியில் பெயர் ஏறாமல் காத்திருக்கும் பிள்ளை, நம் சோம்பலுக்குத் தண்டனை அனுபவிக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதில் கறாராக இருக்கிறது: மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும், தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வரவில்லை என்று சொல்லிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது.

ஒன்றாம் வகுப்பில் சேரவிருக்கும் குழந்தைகளின் வீடுகளுக்கும் இந்தத் தெளிவு வேண்டும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. பள்ளியில் சேர்க்க ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆவணங்களைக் கேட்பதில் தவறில்லை. கேட்கும் தொனியில், இல்லாவிட்டால் இடமில்லை என்ற பயம் பிறக்கக் கூடாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்களும், வடமாநிலத்திலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கும் குடும்பங்களும் அந்த பயத்தில்தான் பள்ளிப் பக்கம் வருவதில்லை.

பள்ளி திறக்கும் தேதியைச் சொல்லும்போது, அது மாறக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்வது நல்லது. 2023இல் வெயில் காரணமாகத் திறப்பு இருமுறை தள்ளிப்போய், தொடக்க வகுப்புகள் ஜூன் 14இல்தான் தொடங்கின. 2024இல் ஜூன் 10. 2025இல் ஜூன் 2ஆம் தேதியே திறந்தாயிற்று. அந்த ஆண்டு 1 முதல் 5 வரையிலான வகுப்புகளின் தேர்வும் வெயிலை முன்னிட்டு முன்கூட்டியே நடந்தது. “மே கடைசி வாரத்தில் ஒருமுறை குழுவில் பாருங்கள், அல்லது பள்ளிக்குப் போன் செய்யுங்கள்” என்ற ஒரு வரி போதும். முதல் நாளே புத்தகம் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். வெளியூர் போனவர்கள் நேரத்தோடு திரும்ப அது ஒரு காரணமாகும்.

விடுமுறையில் வீட்டுச் செலவு கூடும் என்பதை நாமே எடுத்துச் சொல்லலாம். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையும் மதியமும் பள்ளியில் சாப்பிட்ட குழந்தைக்கு மே மாதத்தில் இரண்டு வேளையும் வீட்டில்தான் உலை வைக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கு விடியலில் கிளம்பும் தாய்க்கு இது சின்ன விஷயமில்லை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார், சாப்பாடு போடுவது யார் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். மே 1 கிராம சபைக்கு முன் குழுவைக் கூட்டி, யார் வீட்டில் ஆள் இல்லை, எந்தத் தெருவில் யார் கவனிக்க முடியும் என்று பேசிவைக்கலாம்.

பாதுகாப்பு பற்றிய நினைவூட்டல் பொதுவாக இருந்தால் யார் காதிலும் ஏறாது. “நீர்நிலைகளில் எச்சரிக்கையாக இருக்கவும்” என்று எழுதுவதைவிட, உங்கள் ஊர்க் கிணற்றை, கல்குவாரிக் குட்டையை, ஏரியில் மண் அள்ளிய பள்ளத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மேலே முழங்காலளவு தெரியும் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும் என்று சொல்லுங்கள். ஒருவன் தத்தளித்தால் மற்ற பிள்ளைகள் குதிக்கக் கூடாது. கத்தி ஆள் கூப்பிட்டு, துண்டையோ கயிற்றையோ காலிப் பிளாஸ்டிக் குடத்தையோ வீச வேண்டும் என்பதை வகுப்பிலேயே செய்து பழக்குங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட வேண்டும். நாய்க்குட்டி பிராண்டியதை அடிக்குப் பயந்து மறைக்கும் பிள்ளைகள் உண்டு. மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 108, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, கல்வி தொடர்பான உதவிக்கு 14417. இந்த மூன்று எண்களையும் ஒவ்வொரு குழந்தையின் தர அட்டையிலும் கையால் எழுதித் தரலாம்.

கடைசியாக, சொல்லும் விதம். ‘பெற்றோர்கள் தங்கள் குழந்தைகளின் ஆதார் விவரங்களை இற்றைப்படுத்தி நகலினைச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது அலுவலகத்திலிருந்து நமக்கு வரும் மொழி. அதை அப்படியே வீட்டுக்குத் தள்ளிவிடக் கூடாது. குரல் பதிவாக இப்படிச் சொல்லலாம்: “அம்மா, பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சு. சின்ன வயசுல எடுத்த ஆதார்ல கைரேகை இருக்காது. லீவுல ஒருநாள் ஆதார் மையம் இருக்கிற போஸ்ட் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய் ரேகை வச்சிடுங்க. முடியலைன்னாலும் பரவாயில்ல, ஜூன்ல பாப்பாவ அனுப்பிடுங்க.” கைப்பேசி லாரி ஓட்டும் அப்பாவிடம் இருக்கும், பிள்ளை பாட்டியிடம் இருக்கும். எந்த வீட்டில் யாரிடம் சொன்னால் சேரும் என்பது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். பனியன் கம்பெனிக்குப் போகும் தாயை இரவு எட்டு மணிக்குமேல் அழைத்தால்தான் அவரால் எடுக்க முடியும்.

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் இரண்டரை மணி நேரம். கடைசி பத்து வேலை நாட்களில் நாளுக்கு மூன்று குடும்பம் என்று பிரித்துக்கொண்டால் முடித்துவிடலாம். எல்லோரையும் பார்க்க முடியாவிட்டாலும், வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கும் ஐந்து குழந்தைகளின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த ஐந்து பெயரையும் இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.