சும்மா கிடக்கிற இடமா பள்ளிக்கரணை?

மழைக்காலம் முடிந்ததும் பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையில் போகிறவர்கள், காலை வேளையில் வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டிப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகள் நிற்கும். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் விட்டு இரை தேடும். நத்தைகுத்தி நாரை ஓட்டுக்குள் இருக்கும் நத்தையை லாவகமாக எடுத்துத் தின்னும். கோரைக்குள் நீலத் தாழைக்கோழி நடை போடும். டிக்கெட் இல்லை, காசு இல்லை!

அப்படித்தான் ஒருநாள் நின்று பார்த்துக் கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் குப்பைப் பையைச் சதுப்பில் வீசிவிட்டுக் கிளம்பினார்.

"ஏன் சார், இங்கே போடலாமா?" என்று கேட்டேன்.

"சும்மா கிடக்குற இடம்தானே சார்! ஊர்க் குப்பையெல்லாம் இங்கதானே வந்துச்சு?" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பல ஆண்டுகளாக நகரத்துக் குப்பையை லாரி லாரியாகப் பெருங்குடியில் கொட்டியவர்கள் நாம்தானே! ஒரு காலத்தில் சுமார் 5 ஆயிரம் ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு இது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றபோது இருந்தது 1,247 ஹெக்டேர்தான்.

தண்ணீர் எங்கே போகும்?

தென்சென்னையில் பெய்கிற மழை, ஏரி ஏரியாக வழிந்து கடைசியில் இங்கேதான் வருகிறது. சதுப்பு அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு விடுகிறது. அங்கிருந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது.

வாங்கி வைக்க இடம் இல்லாவிட்டால்? தண்ணீர் நம்ம வீட்டு ஹாலுக்குத்தான் வரும்! 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை மக்கள் பட்ட பாடு அதற்குள் மறந்து போச்சா?

"பறவைக்காக மனுஷன் வீடு கட்டக் கூடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். சதுப்பில் மண்ணைக் கொட்டினால் பூநாரை வேறு ஏரிக்குப் பறந்துவிடும். கடன் வாங்கி அங்கே வீடு வாங்கியவர் எங்கே பறப்பார்?

எல்லையைக் காட்டுங்கள்

2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். நல்ல காரியம். அதோடு நின்றால் போதாது. ராம்சார் எல்லை முழுவதும் கல் நட வேண்டும். எந்தெந்த சர்வே எண் சதுப்பில் வருகிறது என்று பெரிய எழுத்தில் தமிழில் போர்டு வைக்க வேண்டும். மனை வாங்க வருகிறவன் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகட்டும்! குப்பை கொட்டுகிறவர்களுக்குத் தயங்காமல் அபராதம் போட வேண்டும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போய் அந்தப் பறவைகளைக் காட்டுங்கள். பார்த்த பிள்ளை நாளைக்கு அங்கே குப்பை வீசாது.

அடுத்த மழைக்கு முன் அதிகாரிகள் கவனிப்பார்களா?