அரசு சொத்து, ஆறு நாள்!

போகியன்று ஊரே வீட்டிலிருக்கும் பழசை எடுத்து வெளியே போடும். நான் மட்டும் வெளியே கிடந்த பழசை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அது ஒரு துருப்பிடித்த கூண்டு. உள்ளே ஒரு பச்சைக்கிளி.

நடந்தது இதுதான். ஆம்பூரில் எங்கள் தெருக்கோடி வீட்டில் குடியிருந்தவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்துகொண்டு பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள். பொங்கலுக்குள் வெள்ளையடித்து வேறு ஆளுக்கு விடலாம் என்று மொட்டை மாடிக்குப் போன வீட்டுக்கார பாய், அங்கே கூண்டைப் பார்த்திருக்கிறார். இளகின மனசுக்காரர். "போ, எங்கியாவது போய்ப் பொழைச்சுக்கோ" என்று கதவைத் திறந்துவிட்டார்.

கிளி பறக்கவில்லை. மாடியிலிருந்து நேரே 'பொத்'தென்று, கரும்பு வாங்கக் கிளம்பிய என் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் விழுந்தது. இரண்டு பக்கமும் சிறகுகளைக் கத்தரிக்கோலால் நறுக்கியிருந்தார்கள்.

ஆம்பூரில் பிரியாணிக் கடைகள் ஜாஸ்தி. அதனால் பூனைகளும் ஜாஸ்தி. சீரகச்சம்பாவும் மட்டனும் சாப்பிட்டு ஆட்டுக்குட்டி சைஸுக்கு வளர்ந்த பூனை ஒன்று, எதிர்த் திண்ணையிலிருந்து சோம்பல் முறித்து எழுந்தது. யோசிக்க நேரமில்லை. கர்ச்சீப்பைப் போட்டு அமுக்கிப் பிடித்தேன். கிளி தன் நன்றியை உடனே தெரிவித்தது. கட்டை விரலில் ரத்தம்.

"இன்னாடா இது?" என்றாள் அம்மா.

"கிளிம்மா."

"அது தெரியுது. கரும்பு எங்க?"

என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துடைத்து முடித்திருந்த தரையைப் பார்த்தாள். கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. பாப்பா மட்டும் ஒன்றாம் வகுப்பு உற்சாகத்தோடு குதித்தாள்.

அப்போது பால்காரர் பெல் அடித்தார். கூண்டுக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல்: "கோன் ஹை?"

பால்காரர் இரண்டடி பின்னால் போய், வீட்டு நம்பரை ஒரு தடவை சரிபார்த்தார். "சார்... வீடு மாத்திட்டீங்களா?"

கிளி உருதுக் கிளி. பேர் மிட்டு. அதையும் அதுவேதான் சொன்னது.

* * *

நான் பி.காம். செக்‌ஷன் என்றால் எனக்கு 80சி தெரியும். அதற்கு மேல் ஆடிட்டர் பாடு. ஆனால் அன்று சாயங்காலம், கூட வேலை பார்க்கும் நண்பர் போனில் ஒரு புது செக்‌ஷன் சொன்னார். "யோவ், பச்சைக்கிளி வீட்ல வெக்கிறது குத்தம்யா. 48 மணி நேரத்துல தகவல் சொல்லலைன்னா நீதான் மாட்டுவே."

விசாரித்தால் நிஜம்தான். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நம் ஊர்ப் பறவைகளை விற்பதும் வாங்குவதும் 1990-91லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் பச்சைக்கிளியை இரண்டாம் அட்டவணைக்கு ஏற்றிவிட்டார்கள். மீறினால் மூன்று வருஷம் வரை உள்ளே, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கடையில் ஜோடி ஜோடியாக விற்கிறார்களே லவ் பேர்ட்ஸ், அது பூர்வீகம் ஆஸ்திரேலியா. அதனால் அதற்கு இந்தச் சட்டம் இல்லை. வெளிநாட்டுக்காரன் கூண்டில் இருக்கலாம், உள்ளூர்க்காரன் இருக்கக்கூடாது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது!

2023 பிப்ரவரியில் சென்னையில் மறைந்த நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்து இரண்டு அலெக்சாண்டர் கிளிகளை வனத்துறை எடுத்துப்போய் கிண்டி சிறுவர் பூங்காவில் விட்டது ஞாபகமிருக்கலாம். இரண்டரை லட்ச ரூபாய் அபராதம். யூடியூப் வீடியோவில் கிளிகள் தெரிந்ததுதான் வினை. சினிமா நட்சத்திரத்துக்கே இரண்டரை லட்சம் என்றால், மாசக் கடைசியில் பெட்ரோல் போடவே யோசிக்கிற நான் எம்மாத்திரம்? ராத்திரியே வனத்துறைக்குப் போன் போட்டேன்.

மறுநாள் பொங்கல். அப்படியும் ஒரு வனக்காப்பாளர் வந்து பார்த்து, எழுதிக்கொண்டார்.

"கூண்டுல அடைச்சு வெச்சிருந்த கிளின்னா அது சட்டப்படி அரசாங்க சொத்து சார். திங்கக்கிழமை வண்டி வரும். அது வரைக்கும் பத்திரமா பாத்துக்குங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அரசு சொத்து ஒன்று என் பொறுப்பில்! அதுவும் எங்கள் வீட்டுப் பொங்கலை எதிர்பார்த்துக்கொண்டு!

* * *

தெரிந்த கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். "என்ன குடுத்தீங்க?" என்றார்.

"டீயில தொட்டு பிஸ்கட். அப்புறம் சூரியகாந்தி விதை."

"நீங்க டிபனுக்கு தினம் மூணு வேளை வடை மட்டும் சாப்பிட்டா எப்படி இருப்பீங்க? சூரியகாந்தி விதை அதுக்கு வடை மாதிரி. வெறும் கொழுப்பு. ஈரல் போயிடும். டீ, சாக்லேட், உப்பு எதுவும் கூடாது. கொய்யா, கேரட், கீரை, முளைகட்டின பயறு குடுங்க. பச்சை மிளகாய் தாராளமா குடுங்க. பறவைக்குக் காரம் தெரியாது."

பச்சை மிளகாயைக் கிளி முறுக்கு மாதிரி கடித்துச் சாப்பிடுவதைப் பார்த்து, போன ஜென்மத்தில் அது ஆந்திராக்காரன் என்று நினைத்திருந்தேன். விஷயம் அப்படியில்லை. காரத்தை உணருகிற சாதனம் நம் நாக்கில் வேலை செய்வதுபோல் பறவைக்குச் செய்வதில்லையாம்.

இன்னொன்றும் சொன்னார். நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிக் காய்ந்தால் கிளம்பும் புகை கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். ஆகவே ஆறு நாளும் எங்கள் வீட்டில் இரும்புக் கல்லில்தான் தோசை. (தோசை பிரமாதம்!) கூண்டைச் சுத்தம் செய்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கிளிக் காய்ச்சல் என்று ஒன்று மனுஷனுக்கும் ஒட்டும்.

"பறக்குமா டாக்டர்?"

"வெட்டின சிறகு அப்படியே வளராது. பழசு உதிர்ந்து புதுசு முளைக்கணும். ஒரு வருஷம்கூட ஆகலாம். கழுத்துல வளையம் இல்லை. பொண்ணா இருக்கலாம், இல்லேன்னா மூணு வயசு ஆகாத பையன். கூண்டுல வெச்சா இருபத்தஞ்சு வருஷம்கூட உயிரோட இருக்கும்."

இருபத்தைந்து வருஷம். எங்கள் வீட்டு லோனே இருபது வருஷம்தான்.

* * *

இரண்டாவது நாள்தான் கவனித்தேன். சரியாக நாலரை மணிக்குக் கிளி கூண்டின் ஓரத்துக்கு வந்து, கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு கூப்பிட்டது. "சல்மா! சல்மா!"

எங்கள் வீட்டில் சல்மா கிடையாது. தெருக்கோடி வீட்டில் ஸ்கூல் போகிற பெண் ஒன்று இருந்தது. நாலரைக்கு வேன் வரும். பத்து நிமிஷம் கூப்பிட்டுவிட்டு, அப்புறம் சிறகை உப்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டது. லீவு என்று அதற்கு யார் சொல்வது? வீடு மாறிப் போனார்கள் என்று யார் சொல்வது?

பாப்பா, "அப்பா, நான் சல்மான்னு பேர் மாத்திக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டையை அடைத்தது.

ஆனால் நான் பயந்தது பாப்பாவுக்காக அல்ல. அம்மாவுக்காக.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. காலை எட்டரைக்கு நான் கம்பெனிக்கு, மனைவி வேலைக்கு, பாப்பா ஸ்கூலுக்கு. சாயங்காலம் வரை அம்மாவும் டி.வி.யும். ராத்திரி வந்து, "சாப்பிட்டியாம்மா?" "சாப்ட்டேன்." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இந்த நாலைந்து நாளாக வீட்டில் அம்மாவின் குரல் ஓயாமல் கேட்டது. கிளியிடம் கீரை விலை சொன்னாள். கேரட்டைச் சீவிக்கொண்டே அப்பாவின் கோபத்தைப் பற்றிச் சொன்னாள். எனக்கே தெரியாத சங்கதிகள்! கிளியும் தலையைச் சாய்த்து, "க்யா?" என்றது. அந்த ஒரு வார்த்தை போதும், அம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள்.

"பகல்ல பேச ஒரு ஆள் கிடைச்சிருக்குடா" என்றாள் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொங்கலுக்கு வந்த மச்சான், "மாமா, பறந்து போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. யார் கேக்கப் போறா?" என்று யோசனை சொன்னான். பறக்காத கிளி எப்படிப் பறந்து போகும் என்று கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி நானும் அப்படித்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

* * *

காணும் பொங்கலுக்கு எல்லோரும் வேலூர்க் கோட்டைக்குப் போனோம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தலையைத் தூக்கி விதானத்தைப் பாருங்கள். நடுவில் தாமரை, அதைச் சுற்றி வட்டமாகத் தலைகீழாய்க் கிளிகள். பதினாறாம் நூற்றாண்டு வேலை. அத்தனையும் கல்லில்.

"இதுங்களும் பறக்காதாப்பா?" என்றாள் பாப்பா.

வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தோம். இருட்டுகிற நேரம். திடீரென்று தலைக்கு மேலே 'கீ... கீ...' என்று கூச்சல். முப்பது நாற்பது பச்சைக்கிளிகள், அம்பு விட்ட மாதிரி அகழியைத் தாண்டிப் போயின. அடுத்து இன்னொரு கூட்டம். அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசிக் கிளி மறைகிற வரை பேசவில்லை. ஆம்பூர் திரும்புகிற பஸ்ஸிலும் பேசவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், கிளி எங்களைப் பார்த்த சந்தோஷத்தில் இறக்கையை அடித்தது. எழும்பப் பார்த்து, கூண்டின் அடித்தட்டில் விழுந்தது. மறுபடி ஏறி, மறுபடி விழுந்தது.

"திங்கக்கிழமை குடுத்துடுடா" என்றாள் அம்மா. "இதுக்கு றெக்கை வளர்றதுக்குள்ள நமக்குப் பாசம் வளந்துடும். அப்புறம் நாமளே கத்தரிக்கோலை எடுப்போம்."

திங்கட்கிழமை வண்டி வந்தது. வனக்காப்பாளர் சொன்னார்: "டாக்டர் பாத்து முடிவு பண்ணுவார். மத்த கிளிங்களோட பெரிய கூண்டுல விட்டுப் பழக்கி, நல்லாப் பறந்தா வெளியே விடுவாங்க. இல்லேன்னா அமிர்தி மாதிரி பூங்காவுல இருக்கும்." அமிர்தி, வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலைப் பக்கம். 1967-லிருந்து இருக்கிற சின்ன மிருகக்காட்சிசாலை. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மனிதனிடம் பழகிய கிளி காட்டில் பிழைக்குமா என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் லண்டனில், கூண்டிலிருந்து தப்பிய இதே பச்சைக்கிளியின் வம்சம் ஆயிரக்கணக்கில் பெருகி, பனிக்காலத்திலும் கூச்சல் போட்டுக்கொண்டு திரிகிறதாம். பனியில் பிழைக்கிற கிளி பாலாற்றங்கரையில் பிழைக்காதா?

வண்டிக் கதவை வனக்காப்பாளர் ஒரு தட்டுத் தட்டி மூடினார். உள்ளிருந்து, "கோன் ஹை?"

யாரும் பதில் சொல்லவில்லை.

இப்போது நான் ஆபீஸிலிருந்து மத்தியானம் ஒரு தரம் அம்மாவுக்குப் போன் செய்கிறேன். கீரை விலை கேட்கிறேன். முதல் நாள், "இன்னாடா, உடம்பு சரியில்லையா?" என்று பயந்துவிட்டாள். இப்போது பழகிவிட்டது. பாதியில் நான் "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நேற்று சீக்கிரம் வீட்டுக்கு வந்து பெல் அடித்தேன். உள்ளிருந்து குரல் கேட்டது.

"கோன் ஹை?"

அம்மாதான்.