இணையவழிக் கருத்துக்கேட்பு: செயலிக்கு அப்பால் ஆகும் செலவு
ஹைதராபாத்: உள்ளாட்சி நிர்வாகத்தில் மக்களை இணையவழியில் ஈடுபடுத்துவது செலவு குறைந்தது என்பது பொதுவான எண்ணம். மென்பொருளைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையே. வந்து குவிவதைப் படித்துப் பதிலளிக்கத்தான் பெருஞ்செலவு.

தெலங்கானாவில் 2023 டிசம்பர் 28 முதல் 2024 ஜனவரி 6 வரை நடந்த ‘பிரஜா பாலனா’ முகாம்களில் சுமார் 1.25 கோடி நலத்திட்ட விண்ணப்பங்கள் காகிதத்தில் பெறப்பட்டன. அவற்றைக் கணினியில் பதிவேற்ற ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டனர். எடுத்துச் செல்லும் வழியில் சில படிவங்கள் ஹைதராபாத் பாலாநகர் மேம்பாலத்தில் சிதறின.

புகார்களுக்குக் கைபேசிச் செயலி இருந்தும், ஹைதராபாத் மாநகராட்சி 2023 ஜூனில் வார்டு அலுவலகங்களைத் திறக்க வேண்டியிருந்தது. செயலியில் தீர்வு காணாத தொழிலாளி, ஒருநாள் கூலியை இழந்து, திங்கட்கிழமை ‘பிரஜாவாணி’ கூட்டத்துக்கு மனுவுடன் வர வேண்டியுள்ளது.