கழற்ற முடியலைன்னா அது கேம்ப் கிச்சன் இல்லை, குடித்தனம்!

அமெரிக்காவில் பிக்-அப் டிரக் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஒரு வியாதி வருகிறது. ஒரு கூடாரம், ஒரு கேஸ் அடுப்பு என்று அடக்கமாகத்தான் ஆரம்பிக்கும். இரண்டு கோடை போனதும் வண்டியின் பின்தொட்டியில் ஒரு சமையலறை முளைத்திருக்கும். இழுத்தால் வெளியே வரும், தள்ளினால் உள்ளே போகும். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மசாலா டப்பாவுக்குத் தனி அறை, எல்.இ.டி. விளக்கு... எல்லாம் பிரமாதம். ஆனால் அந்த மொத்தச் சாமானையும் தொட்டியின் தரையில் துளை போட்டு, போல்ட் அடித்து, ஆயுசுக்கும் நகராதபடி முடுக்கி வைத்திருப்பார்கள். வம்பே அங்கேதான்.

பிக்-அப் எதற்கு? சுமை ஏற்ற. 1925-ல் ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரின் பின்னால் தொட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே பிக்-அப் ஆக்கி விற்க ஆரம்பித்ததும் அதற்குத்தான். இன்றைய முழு அளவு பிக்-அப்களில் இரண்டு சக்கர வளைவுகளுக்கு நடுவே பொதுவாக 4 அடிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. 4 அடி அகலப் ப்ளைவுட் பலகை படுத்தபடி உள்ளே போகட்டும் என்றுதான். வருஷத்தில் பத்து நாள் சமைக்க ஆசைப்பட்டு மிச்சம் 355 நாளும் அந்த இடத்தை அடைத்து வைத்தால் என்ன ஆகும்? அடுத்த கிச்சன் கட்டப் ப்ளைவுட் வாங்கிவரக்கூட வண்டியில் இடம் இருக்காது :-)

நிரந்தரக் கட்சிக்காரர்களின் முதல் வாதம்: "போல்ட் போட்டால்தான் பாதுகாப்பு." பாதி உண்மை. பிரேக் அடித்தால் 100 கிலோ பெட்டி சும்மா உட்கார்ந்திருக்காது. ஆனால் அதற்கென்றே பல பிக்-அப்களின் தொட்டி மூலைகளில் இரும்பு வளையங்களைக் கம்பெனியே வைத்துக் கொடுத்திருக்கிறது. பெட்டியின் முன்பக்கம் கேபின் சுவரை ஒட்டி நிற்க, நாலு மூலையிலும் எடைக்கேற்ற ராட்செட் பெல்ட்டோ டர்ன்பக்கிளோ போட்டு முறுக்கினால் அது நகராது. துளையும் வேண்டாம், துருவும் வேண்டாம். ஒரு வளையம் எவ்வளவு தாங்கும் என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கும். அதைத்தான் யாரும் புரட்டுவதில்லை.

இரண்டாவது வாதம் கனம். 18 மி.மீ. ப்ளைவுட், கனமான சேனல், எஃகுத் தகடு... "கெட்டியாக இருக்கட்டும்" என்பார்கள். கணக்குப் போட்டால் தெரியும். 4க்கு 8 அடி, 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு பலகையே கிட்டத்தட்ட 30 கிலோ. இரண்டு பலகை 60. இருபது லிட்டர் தண்ணீர் 20. நிரம்பிய 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் சுமார் 17. அடுப்பு, பாத்திரம், ஐஸ் பெட்டி, அரிசி, பருப்பு எல்லாம் ஏறினால் 150 கிலோவை அலட்சியமாகத் தாண்டும். அமெரிக்க வண்டிகளில் டிரைவர் பக்கக் கதவை ஒட்டி ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்த்து இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே என்று. "வண்டிதான் பெரிசாச்சே" என்பவர்கள் குடும்பத்தோடு ஏறும்முன் அதை ஒரு தடவை படிப்பது நல்லது. பெரும்பாலான இடங்களுக்கு 12 மி.மீ. போதும். மூலைகளில் பசையும் ஸ்க்ரூவும் ஒழுங்காக இருந்தால் பலம் தானாக வரும்.

அடுத்தது சேனல் மோகம். 200 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும், வாங்கி மாட்டிவிடுவார்கள். அந்த எண் ஒரு ஜோடிக்கு, அதுவும் பக்கவாட்டில் செங்குத்தாக மாட்டினால். படுக்கவைத்து மாட்டினால் தாங்கும் திறன் பாதிக்கும் கீழே போகலாம். சேனல் தாங்கினாலும் பெட்டி தாங்க வேண்டாமா? 40 கிலோ உள்ள டிராயரை 1 மீட்டர் வெளியே இழுத்தால், அதன் மையம் விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிற்கும். உள்ளே இருக்கும் வெற்றுப் பெட்டி 25 கிலோ, அதன் மையமும் உள்பக்கம் அரை மீட்டர் என்றால் எது ஜெயிக்கும்? டிராயர்தான். பெட்டி குப்புற எழும்பும், கொதிக்கிற குழம்பு காலில் விழும். ஆக, பெட்டியைப் பெல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும், டிராயரின் நுனிக்கு உயரம் மாற்றக்கூடிய ஒரு கால் கொடுக்க வேண்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1866-ல் டெக்சாஸில் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர், ராணுவம் கழித்துவிட்ட வண்டி ஒன்றின் பின்னால் மரப்பெட்டி பொருத்தினார். மாட்டு மந்தையை மாசக்கணக்கில் ஓட்டிப் போகிறவர்களுக்குச் சோறு போட. பெட்டியின் கதவைக் கீழே இறக்கினால் அதுவே மேசை, அதைத் தாங்க ஒரு மடக்குக் கால். அதுதான் சக் வேகன். 2005-ல் டெக்சாஸ் அதைத் தன் மாநில வாகனமாகவே அறிவித்தது. ஒரு பால்பேரிங்கூட இல்லாத அந்தப் பெட்டியிடம் இன்றைய கேம்ப் கிச்சன் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஒற்றைக் கால்.

கழற்றுவது வெறும் வசதிக்காக என்று நினைப்பவர்கள் கரடிகளை மறந்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருட்டிய பிறகு உணவை வண்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. முகாமில் உள்ள இரும்புப் பெட்டகத்துக்கு மாற்றியாக வேண்டும். போல்ட் போட்ட அலமாரியில் அடுக்கிய பருப்பையும் சர்க்கரையையும் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும்போதுதான் ஞானம் பிறக்கும். உணவுக்கு மட்டும் கைப்பிடி வைத்த தனிப்பெட்டி இருந்தால் ஒரே தூக்கு, வேலை முடிந்தது.

கேஸும் அதே கதைதான். புரொப்பேன் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே பறந்து போகாது, தொட்டியின் அடியில் தேங்கும். மேலே மூடி போட்ட தொட்டிக்குள் சிலிண்டரை நிரந்தரமாகப் பூட்டி வைத்துப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குவது வீரம் இல்லை. மழை என்று மூடிக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைப்பது அதைவிட மோசம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவேண்டும், காற்றோட்டமான இடத்தில் இருக்கவேண்டும், முகாமில் வெளியே எடுத்து வைக்க முடியவேண்டும்.

"இவ்வளவு எதற்கு, ஒரு மடக்கு மேசையும் ஒரு டிரங்குப் பெட்டியும் போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறவர்களுக்கு அது தாராளமாகப் போதும். அவர்கள் கடைக்குப் போய் ஆயிரம் டாலருக்கு மேல் கொட்டி ரெடிமேட் கிச்சன் வாங்குவதுதான் வீண். மாசம் இரண்டு தடவை கிளம்புகிறவர்களுக்கு இழுப்புக் கிச்சன் நியாயம்தான், தினமும் எடுத்து அடுக்கும் நேரம் மிச்சமாகும். ஆனால் அது மூன்று துண்டாக இருக்கட்டும்: வெளிக்கூடு, டிராயர், உணவுப்பெட்டி. ஒவ்வொன்றும் இரண்டு பேர் முதுகு வலிக்காமல் தூக்கும் எடை.

கடைசியாக ஒரு பரீட்சை. திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை ஏற்றிப்போக வண்டி கேட்கிறார். பத்து நிமிஷத்தில் தொட்டியைக் காலி செய்து கொடுக்க முடிந்தால் கட்டியவர் பாஸ். "இல்லீங்க, கிச்சன் இருக்கு" என்று இழுத்தால் அது பிக்-அப் இல்லை, நாலு சக்கரம் வைத்த அடுக்களை. அதற்குப் பேசாமல் ஒரு வேனே வாங்கியிருக்கலாம்.