வண்டிக்கு சார்ஜ் உண்டு, பாயின்டுக்கு எர்த் உண்டா?

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. வந்த எலக்ட்ரீஷியன் பிளக் பாயின்டைக் கழற்றி, நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துக் கட்டிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். விளக்கு பச்சையாகிவிடுகிறது, வீட்டுக்காரருக்கும் நிம்மதி. "இங்கே எர்த் இல்லை" என்று எச்சரித்த கருவியின் வாயை அடைத்ததற்குத்தான் அந்தக் கூலி என்பது அவருக்குத் தெரியாது.

இந்த வேலையின் விபரீதம் உடனே வெளியே தெரியாது. கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் என்றைக்காவது அறுந்தாலோ லூஸ் ஆனாலோ, வீட்டில் ஓடும் ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாக வரும் மின்சாரம் அந்தத் துண்டு ஒயரில் ஏறி வண்டியின் உலோகப் பாகங்களுக்கு வந்துவிடும். வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் அதுவரை காத்திருக்கவே வேண்டாம். பிளக்கைச் சொருகிய நொடியிலேயே வண்டி 230 வோல்ட். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்க வேண்டிய ஆர்சிசிபியும் இதில் ஏமாந்துபோகிறது. கசியும் மின்சாரம் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால், போனதும் வந்ததும் சரியாக இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது.

தமிழக அரசின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை, மின்வாகன நகரங்களாக வளர்க்கத் தேர்ந்தெடுத்த ஆறு ஊர்களில் மதுரையும் ஒன்று. டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டுத் தொடங்கிய நிறுவனத்தின் ஊர் இது. அந்தக் குடும்பத்து நிறுவனம் இன்று ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. வாகனத்துக்குச் சலுகை இருக்கிறது, பொது சார்ஜிங் நிலையத்துக்குத் திட்டம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகள் சார்ஜ் ஏறுவது வீட்டு வாசலில், இரவு நேரத்தில். அந்த வாசலின் எர்த்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பலர் அறியாத ஒரு விஷயம்: மின்வாரியம் வீட்டுக்குத் தருவது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த் போடுவது நடைமுறையில் வீட்டுக்காரர் வேலை. குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவது பழகிய முறை. மூடிய பிறகு அந்தக் குழியைத் திரும்பிப் பார்க்கிறவர் அரிது.

"ஓவர்லோடில் விழும் எம்சிபி இருக்கிறதே, அது விழாதா?" என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல எர்த் என்று சொல்லத்தக்க 10 ஓம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஃபேஸ் ஒயர் வண்டியின் உடலைத் தொட்டுவிட்டால், மண் வழியே ஓடக்கூடியது அதிகபட்சம் 23 ஆம்பியர். கார் சார்ஜ் போடச் சுவரில் பொருத்தும் வால்பாக்ஸுக்கு மாட்டிய 32 ஆம்பியர் எம்சிபிக்கு இது வழக்கமான லோடுதான். விழவே விழாது. வண்டியின் உடலோ கிட்டத்தட்ட முழு வோல்டேஜில் நின்றுகொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், எர்த் 100 ஓம் என்று மோசமாக இருந்தாலும் கண்ணிமைப்பதற்குள் துண்டித்துவிடும். எர்த் இல்லாத ஆர்சிசிபி ஒரு மனிதர் தொட்டுக் கசிவு உண்டாகும்வரை காத்திருக்கும்; ஆர்சிசிபி இல்லாத எர்த் நம்மூரில் பாதிக் காவல். இரண்டும் சேர்ந்துதான் வேண்டும்.

மதுரை மண்ணும் லேசுப்பட்டதல்ல. வைகைக் கரையோர வண்டலில் பைப் சுலபமாக இறங்கும். யானைமலை அடிவாரம், நாகமலை, மேலூர்ப் பக்கமெல்லாம் சில அடிகளிலேயே பாறை தட்டும். பாறை மின்சாரத்தை எளிதில் விடாது. திருமங்கலம் தாண்டிய கரிசல் வேறு மாதிரி: மழைக்காலத்தில் அருமையான எர்த், கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துப் பைப்பை விட்டு விலகிவிடும். இங்கே மழை அதிகம் பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஐப்பசியில் அளந்து "பிரமாதமான எர்த்" என்று எழுதித் தருகிற ரிப்போர்ட்டை நம்ப முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரையில் அளந்து வருகிற எண்தான் உண்மையான எண்.

மாசி வீதி, ஆவணி மூல வீதிக்குள் இருக்கும் பழைய வீடுகளில் அளப்பதற்கு மண்ணே கண்ணில் படாது. வாசல்வரை சிமென்ட், அதற்கு மேல் பேவர் பிளாக். முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் ஒயரைச் சுற்றிவைத்தார்கள். குழாய் பிவிசி ஆகிப் பல காலம் ஆகிறது, ஒயர் மட்டும் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாடி வீட்டு வாடகைக்காரர் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இறக்கிக் கீழே வண்டிக்கு சார்ஜ் போடுகிறார். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி இரவில் தெருவில் கிடக்கும் பாக்ஸை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டின் தீவிபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரி சோதனை விதிகளை இறுக்கியது. சரியான நடவடிக்கை. ஆனால் வண்டியைப் பார்த்த கண் சுவரைப் பார்க்கவில்லை. மத்திய மின்சார ஆணையம் 2019இலேயே தன் பாதுகாப்பு விதிகளில் மின்வாகன சார்ஜிங் நிலையங்களுக்குத் தனிப் பகுதி சேர்த்து, ஒவ்வொரு பாயின்டுக்கும் தனி சர்க்யூட், 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பு என்று எழுதிவைத்திருக்கிறது. செல்லூர் வீட்டு வாசலுக்கு வந்து இதைப் பார்ப்பவர் யார்? நியூட்ரல் அறுந்தால் காரின் உடலில் மின்சாரம் ஏறும் ஆபத்தையும் கருதி பிரிட்டன் தன் வயரிங் விதிகளில் மின்வாகனத்துக்குத் தனிப் பிரிவு வைத்து, 2020இல் அதைத் திருத்தவும் செய்தது. நம்மூரிலோ அந்த ஆபத்தைக் கூலி கொடுத்து உருவாக்கிக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. வண்டியை டெலிவரி கொடுக்கும் முன், உரிமம் பெற்ற வயர்மேன் எர்த்தை மீட்டர் வைத்து அளந்து கையெழுத்திட்ட தாள் ஒன்றை ஷோரூம் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத வீட்டுக்கு எர்த் போட்டு, ஆர்சிசிபி மாட்டிக் கொடுக்கும் செலவை வாகனச் சலுகையோடு அரசு சேர்க்கலாம். வண்டி விலைக்கு முன்னால் அது சொற்பம். வாடகை வீடு என்றால் எர்த் குழியை வீட்டு உரிமையாளர் தட்டிக்கழிக்க முடியாதபடி விதி வேண்டும். நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப் போடுகிற எலக்ட்ரீஷியனின் உரிமத்தை ரத்து செய்தாலும் தவறில்லை.

இந்த விதிகள் வரும்வரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டு போர்டில் ஆர்சிசிபி இருந்தால் அதில் டெஸ்ட் பொத்தான் இருக்கும். இன்று அதை அழுத்துங்கள். விழாவிட்டால், மாற்றும்வரை வண்டிக்கு அந்த வீட்டில் சார்ஜ் போடாதீர்கள்.