குற்றவாளி குழந்தையல்ல!

அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்ற கூக்குரல் அடிக்கடி எழுகிறது. ஆய்வறிக்கை ஒன்று வெளிவரும். பெரிய பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் தலைப்பிடும். "சர்க்கார் பள்ளிக்கூடம் என்றாலே இப்படித்தான்" என்று மறுநாளே தீர்ப்பும் கூறப்பட்டுவிடும். விசாரணை மட்டும் நடப்பதே இல்லை.

புள்ளி விவரங்களை நாம் மறுக்கவில்லை. நாடெங்கும் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024ம் ஆண்டு 'அசர்' ஆய்வின்படி, அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 சதவிகிதத்தினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. கொரோனாவுக்குப் பின் 2022ல் இது 16.3 சதவிகிதமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பிலே கூட 2024ல் 44.8 சதவிகிதம்தான். வெட்கக்கேடுதான்! ஆனால் யாருக்கு வெட்கக்கேடு?

இந்தப் பள்ளிகளில் படிப்பவர்கள் யார்? தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் காலையில் தனியார் பள்ளி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். எஞ்சி நிற்பவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள், செங்கற் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு அலையும் பிள்ளைகள். ஒரே வீட்டில் மகனை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் மகளை அரசுப் பள்ளிக்கும் அனுப்பும் அநியாயமும் உண்டு. இவர்களில் பலருக்கு வீட்டில் எழுத்துச் சொல்லித்தர ஆளில்லை, டியூஷனுக்குக் காசில்லை.

இந்தக் குழந்தைகளின் மதிப்பெண்ணையும், படித்த பெற்றோரும் பணமும் வாய்த்த குழந்தைகளின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரம் பிரிப்பது என்ன நியாயம்? கிணற்றுப் பாசன வயலின் விளைச்சலைக் காட்டி, மானாவாரிக் காட்டில் பாடுபடுகிறவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு ஒப்பானது இது. முதல் வகுப்பில் சேர்ந்தபோது குழந்தை எங்கே நின்றது, ஐந்தாம் வகுப்பில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே நேர்மையான கணக்கு.

பள்ளிக்குள்ளும் நிலைமை என்ன? 2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! ஒருவர் பயிற்சிக்கோ, கணக்கெடுப்புக்கோ, தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான். சட்டத்தை மீறியதால் நேர்ந்த கதியல்ல இது. சட்டமே இட்ட கதி. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறைகிறது. ஆசிரியர் குறைந்தால் படிப்புக் கெடுகிறது. படிப்புக் கெட்டால் இன்னும் நான்கு பேர் வெளியேறுகிறார்கள். கடைசியில் "மாணவர் இல்லை" என்று சொல்லிப் பள்ளியையே பூட்டிவிடலாம்!

அதே சமயத்தில் ஒன்றைத் திட்டவட்டமாகக் கூற விரும்புகிறோம். வறுமையைக் காரணம் காட்டி எவரும் தம் கடமையிலிருந்து தப்பிவிட முடியாது. "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் வரும்" என்று நினைக்கும் ஆசிரியர், அதிகாரி, மந்திரி யாராயினும் அவர் குழந்தைக்குத் துரோகம் செய்தவரே. 1953ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. மக்கள் கொதித்தெழுந்தனர், 1954ல் காமராஜ் ஆட்சியில் அத்திட்டம் ஒழிந்தது. திட்டம் ஒழிந்தது; அதன் பின்னிருந்த எண்ணம் ஒழியவில்லை. 2019ல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத் தேர்வு என்று தமிழக அரசு அறிவித்து, எதிர்ப்புக்குப் பணிந்து 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரிலோ, ஐந்திலும் எட்டிலும் மறுதேர்விலும் தேறாதவரை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாம் என்று மத்திய சர்க்கார் விதி செய்தது. கற்றுக்கொடுக்கத் தவறியவர்களுக்குத் தண்டனை இல்லை. பத்து வயதுக் குழந்தைக்குத் தண்டனை!

மனம் வைத்தால் எதுவும் முடியும் என்பதற்குச் சான்றும் நம்மிடமே இருக்கிறது. பள்ளிகளில் மதிய உணவு 1956ல் விரிவடைந்தது. 1982ல் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. வயிற்றுக்கு வழி செய்தது போல வகுப்புக்கும் வழி செய்ய முடியாதா? பணமில்லை என்பார்கள். தேசிய வருமானத்தில் 6 சதவிகிதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும், எல்லார் பிள்ளைகளும் ஒரே பொதுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966லேயே கூறிவிட்டது. அந்த 6 சதவிகிதம் இன்னும் எட்டப்படவில்லை. அது போதாதென்று, 2024-25ம் ஆண்டில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதியை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. பிள்ளைகளின் பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறை கூறுவது யாருக்கு அடுக்கும்?

வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கற்பித்தலுக்குப் புறம்பான வேலைகள் அவர் தலையில் சுமத்தப்படக் கூடாது. மாணவர் குறைவு என்று காட்டி எந்தப் பள்ளியும் மூடப்படக் கூடாது. பிழைப்புத் தேடி இடம் மாறும் குடும்பத்தின் பிள்ளைக்குப் போன இடத்தில் பள்ளி காத்திருக்க வேண்டும்.

இவை தானாக வந்துவிடா. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள் என்று சட்டமே கூறுகிறது. அந்த நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடலாகாது. நாற்று நடும் தாயும் மூட்டை தூக்கும் தந்தையும் அங்கே போய் உட்கார வேண்டும். "என் பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை?" என்று தலைமை ஆசிரியரைக் கேட்க வேண்டும், "எங்கள் பள்ளிக்கு ஏன் ஆசிரியர் இல்லை?" என்று சர்க்காரைக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.